கரிமீசை ஏட்டய்யா

கொல்லிமலை அடிவாரத்துச் சப் ஜெயிலில் பெண்கள் பகுதிக்கு நான் வார்டராகச் சேர்ந்தது மதுவிலக்குக் காலத்தில். மலையில் சாராயம் காய்ச்சிப் பிடிபட்ட பெண்கள்தான் பெரும்பாலும் கைதிகள். கொலைகாரிகளைக் காவல் காக்கப் போகிறோம் என்று பயந்துகொண்டே போனேன். அவர்களோ முதல் நாளே, கஞ்சி குடித்தாயா என்று என்னை விசாரித்தார்கள்.

மலைமேல் வளப்பூர் நாட்டிலிருந்து பொங்காயி கைதியாக வந்த பிறகு ஞாயிறு மதியமானால் கூத்துதான். சாராயம் பிடிக்க மலையேறும் ஓர் ஏட்டு படும் பாடு, வாராவாரம் தொடரும். ஒரு வாரம் அட்டை கடிக்கும், மறுவாரம் வழி தவறி மலைக்கு அந்தப் பக்கம் புளியஞ்சோலை ஊரில் இறங்கிவிடுவார். பானைக்கரியில் மீசை வரைந்துகொண்டு பொங்காயியே ஏட்டு. தண்ணீர்க் குழாயடிச் சண்டையெல்லாம் அதனால் அடங்கிப்போயிற்று. நான் ஏன் தடுக்கப் போகிறேன்?

ஆனால் ஜெயிலருக்குச் சத்தமே ஆகாது. என் வேலையோ தற்காலிகம். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு நின்ற எனக்கு அந்தச் சம்பளம்தான் சோறு. ஒரு ஞாயிறு, கூத்து நடக்கும்போது அவர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்துவிட்டார்.

"பொங்காயி, இங்க வா."

அவள் அசையவில்லை. மறுபடி அதட்டினார். ம்ஹும். என் பக்கம் திரும்பி, நாளை முதல் வேலைக்கு வராதே என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது அவளோடு ஆடிக்கொண்டிருந்த கைதி ஒருத்தி கும்பிட்டபடி முன்னே வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. வேசம் கட்டிட்டா, ஆட்டம் முடியற வரைக்கும் சொந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டா ஏன்னு கேக்கக் கூடாதுங்க. எங்க வழக்கம். ஏட்டய்யான்னு கூப்புடுங்க, வந்துருவாங்க."

கைதியைப் போய் அய்யா என்பதா? ஜெயிலர் முகம் கடுகடுவென்று ஆனது. என்ன நினைத்தாரோ, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏட்டய்யா, கொஞ்சம் வாங்க."

பொங்காயி விறைப்பாக வந்து சல்யூட் அடித்தாள்.

"மல பூராத் தேடிட்டனுங்க எசமான். சொட்டுச் சாராயம் இல்லீங்க."

"அப்ப இதுவரைக்கும் புடிச்சதெல்லாம் எங்க?" ஜெயிலர் தன்னை மறந்து கேட்டுவிட்டார்.

"அத நானே குடிச்சுட்டனுங்க."

அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன். வராதே என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: மேலதிகாரிக்குப் பயப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்குச் சிரிப்பு வருமா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பயப்படுங்கள்.