கிணற்று நீச்சல்காரர்

மரக்காணத்துப் பக்கம் கடலோரமாக இரண்டு நாள் நடந்து, மூன்றாம் நாள் கழிமுகத்தில் கயாக் படகு ஓட்டும் பயணம். முதல் இரண்டு நாளில் என் கால்தான் கொப்பளித்தது. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரருக்குக் கிறுக்குப் பிடித்தது.

“ஜாக்கெட்டைக் கழட்டாதீங்க சார். தண்ணி கடலுக்கு இழுத்துக்கினு போவுது” என்றார் வழிகாட்டி.

“எங்க ஊரு பிரம்மதேசத்துல கிணத்துல முங்கி, அடி மண்ணை எடுத்துக்கினு வர்ற ஆளு நானு” என்று இவர் மிதவை ஜாக்கெட்டைக் கழற்றிக் காலடியில் போட்டார். இவருடைய அப்பாவையும் சித்தப்பாவையும் ஒரே நாளில் முழுங்கிய கிணறு அது. அப்போதும் புத்தி வரவில்லை.

முகத்துவாரத்து அலையில் நாங்கள் இருவரும் இருந்த கயாக் கவிழ்ந்தது. கிணற்றில் எந்தப் பக்கம் நீந்தினாலும் சுவர் வந்துவிடும். அந்த நினைப்பில் இவர் இழுப்பை எதிர்த்துக் கரையைப் பார்த்து நீச்சல் அடித்தார். “தண்ணியோட போங்க சார்” என்று வழிகாட்டி கத்தியது காதில் விழுந்தால்தானே. கை ஓய்ந்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். என் ஒரு ஜாக்கெட் இரண்டு பேரைத் தாங்கவில்லை; இருவரும் உள்ளே போனோம்.

முழுகுகிறவன் கட்டிப்பிடித்தால் மூஞ்சியில் குத்து, விட்டதும் முடியைப் பிடித்து இழு. கிணற்றடியில் வளர்ந்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. குத்தினேன். விடவில்லை. முழங்கையால் மூக்கிலேயே இடித்தேன். எலும்பு உடைந்தது என் கையில் தெரிந்தது. தண்ணீர் சிவந்தது, பிடி விட்டது. முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, “செத்துத் தொலைச்சிடாதய்யா, பாவி” என்று அழுதுகொண்டே திட்டினேன். வழிகாட்டியின் கயாக் வந்து சேரும்வரை விடவில்லை.

கரையில் உப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு எழுந்தவர், சட்டையில் ரத்தத்தைப் பார்த்ததும் கையை ஓங்கினார். “புருசனையே அடிப்பியா?”

துடுப்பை எடுத்துக்கொண்டேன். “கை எம்மேல பட்டா மண்டையும் ஒடையும்.”

கை தானாக இறங்கியது.

வீட்டில் மாமியார் மூக்கைப் பார்த்துப் பதறினார். “துடுப்பு பட்டுடுச்சும்மா” என்றார் இவர்.

“இல்ல அத்தை, நான்தான் அடிச்சேன். என்னைக் கட்டிப் புடிச்சிக்கினு முழுவுனாரு. அடிக்கலன்னா ரெண்டு பேரும் போயிருப்போம்.”

மாமியார் மகனின் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

“உன் மாமனாருக்குத் தம்பியை அடிக்க மனசு வரல” என்றார்.