நடு அறையில் உட்கார்ந்திருந்த பெட்டி

ஜெனிபர் அக்கா வேலை செய்யும் பல் மருத்துவமனை புனேவின் கசார்வாடியில் பழைய மும்பை சாலையை ஒட்டி இருக்கிறது. ஒரு சுவர் தாண்டினால் லேத் பட்டறை. அங்கே இரும்பு குடையும் சத்தம், இங்கே பல் குடையும் சத்தம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களை மராத்தியில் தேற்றுவார், வரிசை மீறுகிறவர்களை இந்தியில் அதட்டுவார். கூட்டம் குறைந்தால் கைப்பேசியை எடுத்துப் புதிர் கட்டுவார்.

புதிர் போடுவது என்று நான் ஒருமுறை சொன்னதற்குக் கட்டுவது என்று திருத்தினார். சரிதான். அது வீடு கட்டுவது மாதிரியான வேலை. விளையாட்டுக்கு ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. எங்களுக்கு அது ‘கோடவுன்’. கட்டம் போட்ட தரையில் ஒரு சின்ன ஆள், சில பெட்டிகள், பெட்டிகள் போய்ச் சேர வேண்டிய மஞ்சள் கட்டங்கள். ஆள் பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. மூலையில் சிக்கிய பெட்டி சிக்கியதுதான், ஆரம்பத்திலிருந்து ஆட வேண்டும். யார் வேண்டுமானாலும் புதிர் கட்டி உலகத்துக்கே விடலாம். குறைந்த அடிகளில் முடித்தவரின் பெயர் அந்தப் புதிரின் தலையில் நிற்கும், அவர் போன வழியை மற்றவர்கள் ஓடவிட்டுப் பார்க்கலாம். கட்டியவரின் சொந்த ஆட்டம் மட்டும் கணக்கில் சேராது.

புனேவில் இதை ஆடும் தமிழர்கள் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். பெயர் ‘தள்ளு கோஷ்டி’. நானும் வாகடில் இருக்கும் தீபாவும் வேலைக்காக வந்தவர்கள், அவள் கோயம்புத்தூர், நான் சென்னை. ஆகுர்டியில் மோட்டார் கம்பெனிக்குப் போகும் சலீமின் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்பே ஆம்பூரிலிருந்து வந்தது. ஜெனிபர் அக்கா பிறந்ததே கட்கியில். அப்பா அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலைக்காரர், சொந்த ஊர் நாசரேத் பக்கம். அக்காவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க நேரமாகும். அதனால் குழுவில் எல்லாமே குரல் பதிவுதான். யாருடைய பதிவிலாவது பின்னால் லேத் சத்தம் கேட்டால் அது அக்கா.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. விடையை யாரும் யாருக்கும் சொல்லிவிடக் கூடாது. எங்கே அடி வீணாகிறது என்று மட்டும் காட்டலாம்.

அக்கா கட்டிய புதிர்களில் அவருக்கே பிடித்தது ஒன்றுதான். அது மருத்துவமனையிலிருந்து வந்தது. காத்திருக்கும் அறை குறுகலானது. ஒருநாள் சக்கர நாற்காலியில் ஓர் அம்மாளைக் கொண்டுவந்தார்கள். கதவோரத்தில் ஒரு பெரியவர் தன் முறைக்காக ஒழுங்காக உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து, வாசல்படிக்குப் போய் நின்று, வண்டி உள்ளே போனபின் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் அக்காவுக்குப் புதிர் கிடைத்துவிட்டது.

இடப்பக்கம் ஓர் அறை, நடுவில் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இடப்பக்கப் பெட்டிகள் வலப்பக்கம் போக வேண்டும். நடு அறையின் வாசலில் ஒரு பெட்டி ஏற்கெனவே தன் மஞ்சள் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். சரியான இடத்தில் இருக்கும் பெட்டியை எந்த ஆட்டக்காரரும் தொடமாட்டார். ஆனால் அதை வெளியே தள்ளினால்தான் வழி பிறக்கும், எல்லாம் முடிந்தபின் அதைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். அந்த ஒரு தள்ளுக்காகத்தான் மொத்தப் புதிரும். அதை அமைக்க ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. அவருடைய கணவர் ராஜா, “பொட்டி தள்ளப் போயாச்சா?” என்று கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

போன மாதம் விளையாட்டை நடத்தும் கம்பெனியிடமிருந்து செய்தி வந்தது. அக்காவின் புதிர் முதல் பக்கத்துக்குத் தேர்வாகியிருக்கிறது. சனிக்கிழமை ஏற்றுவார்கள், அதன்பின் அதில் கை வைக்க முடியாது. குழுவே குதித்தது. தீபா ஸ்விக்கியில் அக்காவின் மருத்துவமனைக்கே கேக் அனுப்பினாள். பல் டாக்டர் முறைத்தாராம், பிறகு அவரும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாராம்.

திங்கட்கிழமை சலீம் அந்தப் புதிரில் எல்லாரையும்விடக் குறைந்த அடிகளில் முடித்தான். முதல் இடம் அவனுக்கு எந்தப் புதிரிலும் அதுவரை வந்ததில்லை. படம் எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் வைத்தான். நாங்கள் அவன் போன வழியை ஓடவிட்டோம். அவன் நடு அறைக்குள் போகவே இல்லை.

பின்பக்கம் ஒரு நீளச் சந்து உண்டு. ஆள் நடந்து திரும்புவதற்காக அக்கா விட்டது. பெட்டியை அந்தச் சந்துக்குள் திருப்ப முடியாது, பின்னால் நின்று தள்ள இடம் கிடையாது. ஆனால் பின்சுவர் வெறுமையாக இருக்கிறதே என்று அக்கா அதில் ஒரு கட்டத்தைக் குடைந்து ஜன்னல் மாதிரி விட்டிருந்தார், வெறும் அழகுக்கு. சலீம் அந்த ஜன்னலில் போய் நின்றுகொண்டு எல்லாப் பெட்டிகளையும் சந்துவழியே தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

முதல் பக்கத்துக்கு வந்தால் ஆயிரக்கணக்கானவர்கள் திறப்பார்கள். முக்கால்வாசிப் பேர் தலையில் நிற்கும் வழியைப் பார்த்து அப்படியே ஆடிவிட்டுப் போவார்கள். நடு அறைப் பெட்டி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

தீபா கணினி மென்பொருளில் பிழை தேடும் வேலைக்காரி, அவளுக்குத் தீர்வு உடனே தெரிந்தது. “ஜன்னலை அடைச்சுருங்கக்கா. ஒரே ஒரு கட்டந்தானுங்களே” என்றாள்.

அடைக்கலாம். ஆனால் புதிரில் ஒரு கட்டம் மாறினாலும் பெயர்ப் பட்டியல் முழுக்க அழிந்துவிடும்.

சலீமின் பதிவு வர வெகுநேரம் ஆனது. கம்பெனி பஸ் இரைச்சலுக்கு நடுவே, “அடைச்சிடுங்க அக்கா, பேரு போனா போவுது, ஸ்டேட்டஸ் எப்படியும் நாளைக்குப் போயிடும்ல” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சிரிப்பு கொஞ்சம் நீளமாக இருந்தது.

அக்கா இரண்டு நாள் எதுவும் பேசவில்லை. இந்த ஊரில் நான் தமிழில் மூச்சுவிடும் இடம் இந்தக் குழு ஒன்றுதான், அது உடைந்துவிடுமோ என்று அலுவலகக் கூட்டங்களின் நடுவே திறந்து திறந்து பார்த்தேன். கடைசியில் நானே தனியாக அழைத்துக் கேட்டேன், அடைக்கப் போகிறீர்களா என்று.

“அவன் வழி கண்டுபிடிச்சது குத்தமா? ஜன்னல் வெச்சது நான்லா” என்றார். “ஆனா அந்த ஒரு தள்ளு யாரும் பாக்காமப் போயிரும்னு நெனச்சா சோறு எறங்க மாட்டேங்கு. அரே, விடு. இங்க ஒரு ரூட் கெனால் கத்துதான்.”

அக்கா கட்டுகிறவரே தவிர அடி குறைக்கிறவர் அல்ல. அந்தக் கஞ்சத்தனம் நமக்கு வராது என்பார். அந்த வாரம்தான் முதன்முறையாக ஒருவர் ஆடிய ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். மேசையில், பஸ்ஸில், குக்கர் விசிலுக்கு நடுவில். சலீம் பெட்டியைத் தள்ளும்போது ஓர் அடியும் வீணில்லை. ஆனால் ஒவ்வொரு பெட்டியையும் விட்டுவிட்டு அடுத்ததை எடுக்க அதே நீளச் சந்து வழியே கைவீசிக்கொண்டு திரும்பி வந்தான். நடு அறை வழியாக வந்தால் பாதி தூரம்தான். ஏன் வரவில்லை? வாசலில் பெட்டி உட்கார்ந்திருந்தது.

வியாழக்கிழமை காலை குழுவில் லேத் சத்தத்தோடு ஒரு பதிவு வந்தது.

“சலீமு, நீ தள்ளுறதெல்லாம் பக்கா. வெறுங்கையா வரும்போது ஏண்டா அவ்ளோ சுத்துற?”

அவ்வளவுதான்.

எனக்குப் புரியவில்லை, தீபாவுக்கும் புரியவில்லை. ஒரு கட்டத்தில் அக்கா கிண்டல் செய்கிறாரோ என்றுகூட நினைத்தேன். மறுநாள் கேன்டீன் தட்டுச் சத்தத்தோடு சலீமின் குரல் வந்தது. “அக்கா, ஒக்காந்திருக்குற பெட்டிய எழுப்பணுமா? யாராச்சும் அதத் தொடுவாங்களா அக்கா? முன்னாடியே சொல்றதுக்கென்ன.”

பெயர்ப் பட்டியலைத் திறந்தோம். தலையில் அதே சலீம், பழையதைவிடக் குறைந்த அடிகளில். ஆட்டம் தொடங்கியதும் ஆள் நேரே நடு அறைக்குப் போகிறான். வாசலில் இருக்கும் பெட்டியை வெளியே தள்ளுகிறான். பிறகு மற்றவை ஒவ்வொன்றும் ஜன்னலருகே திரும்பிச் சந்தில் போகின்றன, அவன் மட்டும் நடு அறை வழியே திரும்பி வருகிறான். கடைசியில் வாசல் பெட்டியைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறான். தீபா அரைமணி நேரம் அதிலிருந்து ஓர் அடியாவது குறைக்கப் பார்த்துவிட்டு, முடியாதுங்க என்று கையை விரித்துவிட்டாள்.

அக்கா ஜன்னலை அடைக்கவில்லை. சலீமின் ஸ்டேட்டஸில் புதுப் படம் ஏறியது.

சனிக்கிழமை காலை புதிர் முதல் பக்கத்தில் வந்தது. அக்கா வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாராம். சாப்பாட்டு மேசையில் கைப்பேசி சலீமின் ஆட்டத்தைத் தானாக ஓட்டிக்கொண்டிருக்க, ராஜா தட்டோடு அதன் முன் உட்கார்ந்து, இத்தனை வருடத்தில் முதன்முறையாகக் குனிந்து பார்த்தார்.

“ஏட்டி, அந்தப் பொட்டி நல்லாத்தான இருந்துச்சு? அத எதுக்குத் தள்ளுதான்?”

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பாருங்க” என்றார்.