உடைமாற்றும் அறையில் ஏர் கன்

பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற தைமி, வடக்கு ஃபின்லாந்தில் வீட்டோடு ஒரு பட்டறை வைத்திருந்தாள். பனிக்காலம் வந்தால், காற்றில் இயங்கும் கருவிகளையும் கம்ப்ரஸரையும் சானா எனும் நீராவிக் குளியலறையை ஒட்டிய, கதகதப்பான உடைமாற்றும் அறைக்குக் கொண்டுவந்துவிடுவாள். பட்டறைக் குளிரில் கிடந்தால் உள்ளே தங்கிய ஈரம் உறைந்து கருவி சுழலாது. ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டு, துண்டு மாட்டும் ஆணிகளில் வரிசையாகத் தொங்கவிடுவாள்.

"நான் குளிக்க வர்றேனா, டயர் கழட்ட வர்றேனா?" என்பான் கணவன் அர்மாஸ்.

"டயரு உன்ன மாதிரி முணுமுணுக்காது. போய்க் குளி."

ஒரு கடுங்குளிர்க் காலையில், ஊர்ச் செவிலி ஒய்லியின் கார் அவர்கள் வாசலில் பஞ்சராகி நின்றது. ஏரிக்கு அப்பால் ஒரு முதியவருக்கு அவள் இன்சுலின் போட்டாக வேண்டும். கையால் முறுக்கியும் சக்கர நட்டு அசையவில்லை. பக்கத்து வீட்டு ஒலாவி முந்திக்கொண்டு தன் குளிர்ந்த கொட்டகையிலிருந்து கொண்டுவந்த, நட்டு கழற்றும் ஏர் கன், கம்ப்ரஸர் குழாயில் மாட்டியதும் ஒருமுறை முனகிவிட்டு நின்றது.

"தைமி, அவரு எனக்காகக் காத்துட்டிருப்பாரு!" என்றாள் ஒய்லி.

தைமி உள்ளே போய், கதகதப்பாக இருந்த தன் கன்னை எடுத்து வந்தாள். நட்டுகள் கடகடவெனக் கழன்றன. ஸ்டெப்னி ஏறியதும் கார் ஏரிப் பாதையில் விரைந்து மறைந்தது.

"ஒலாவி, உன் கருவிங்களையும் எடுத்துட்டு வா," என்ற அர்மாஸ் சுத்தியலைத் தேடினான். "சானாவுல இன்னும் நாலு ஆணி அடிக்கறேன்."