மொட்டை எழுத்து

சுலைகா பீவிக்கு யாரையும் நம்பத் தெரியாது. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலில் ஒரு சொட்டைத் தரையில் விட்டு, அது எப்படி ஓடுகிறது என்று குனிந்து பார்ப்பாள். கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, கொண்டுவந்தவனின் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பாள். திருப்பூர் ஓட்டலில் பிரியாணி போடும் புருஷன் மாதம் ஒருமுறை வருவார். அவருடைய சட்டைப் பையைத் தடவிப் பார்க்காமல் அவள் சோறு வைத்தது கிடையாது. சந்தேகம் அவளுக்குக் குணம் என்பதைவிட ஒரு வேலை என்றே சொல்லலாம். ஒரு நாளும் லீவு போடாமல் பார்த்து வந்தாள்.

கூலி வாங்கிய வேலை வேறு. சாத்தூரில் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவள் தெருவில் பாதிப் பெண்கள் பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்டுகிறவர்கள். தாயில்பட்டியில் இருக்கும் ஒரு கம்பெனிக்காக ஏஜெண்டு மணிமுத்து வேனில் கழிவுப் பேப்பரைக் கட்டுக்கட்டாக இறக்கிவிட்டுப் போவான். பேப்பரைக் கம்பியில் சுற்றி, பசை தடவி, உருட்டிக் காயவைத்து வெறுங்குழாயாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மருந்து அடைப்பதெல்லாம் கம்பெனியில்தான். சுலைகாவும் எதிர்வீட்டு அய்யம்மாளும் சேர்ந்து ஒரே லோடாக வாங்கி, அய்யம்மாள் வீட்டுத் தகரக் கொட்டகையில் எதிரெதிரே உட்கார்ந்து சுருட்டினார்கள்.

அய்யம்மாளுக்கு வயது நாற்பதுக்குள்தான். அவள் புருஷன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவை அறையில் இருந்தவன். அந்த அறையோடு போய்விட்டான். அதற்குப் பிறகு எவ்வளவு கூலி தருகிறோம் என்று கூப்பிட்டாலும் அவள் கம்பெனி வேனில் ஏறவில்லை. பசையும் பேப்பரும் போதும், கஞ்சி குடித்தாலும் உயிரோடு குடிப்போம் என்று சொல்லிவிட்டாள்.

தெருவில் சுலைகாவுக்கு அரபி தெரிந்தவள் என்று ஒரு பேர் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், ராத்திரி தூக்கத்தில் அலறினால், எல்லா வீட்டுக்காரர்களும் சொம்புத் தண்ணீரோடு வந்து நிற்பார்கள். அவளும் ஓதி ஊதிக் கொடுப்பாள். சின்ன வயதில் மத்ரசாவில் வேதத்தை முதலிலிருந்து கடைசிவரை ஓதி முடித்தவள்தான். ஆனால் ஓதியது என்ன என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தவர்கள், அர்த்தம் எல்லாம் பெரியவளானால் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். அவளும் பெரியவளாகி, மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டாள். அர்த்தம் மட்டும் வந்து சேரவில்லை.

தீபாவளி முடிந்து புதுச் சீசனுக்கு வந்த முதல் லோடில்தான் அந்தப் பேப்பர் வந்தது. கட்டைப் பிரித்து ஒரு தாளை உருவியவளுக்குக் கை அப்படியே நின்றது. தாள் முழுக்க அரபி எழுத்து. அடுத்ததிலும் அதே. வெளிநாட்டுக் கழிவுப் பேப்பர் தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்து, அங்கிருந்து ஊர் ஊராகப் போகிறது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அரபி என்றால் அவளுக்கு வேதம்தான். அல்லாவின் வார்த்தையைச் சுருட்டி, பசை தடவி, அதற்குள் மருந்தடைத்து, நடுரோட்டில் வைத்துக் கொளுத்தப் போகிறார்களா? வெடித்த பிறகு சிதறுகிற குப்பையை எத்தனை கால் மிதிக்கும்? அய்யம்மாள் பசை காய்ச்ச எழுந்துபோன நேரம் பார்த்து அந்தத் தாள்களை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், முத்தமிட்டாள், முந்தானைக்குள் செருகி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பச்சைத் துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்தாள். பிறகு வந்த லோடுகளிலும் அப்படியே செய்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு மணிமுத்துவின் சிரிப்பே பிடிக்கவில்லை. தெரிந்தே செய்கிறானா, கம்பெனியில் எவனோ சொல்லிச் செய்கிறானா? ஜமாத்தில் போய்ச் சொல்லலாம். சொன்னால் நாலு பேர் கிளம்புவார்கள், கம்பெனிக்காரன் இந்தத் தெருவுக்கே லோடு கிடையாது என்பான், எத்தனை வீட்டில் உலை கொதிக்காது. முதலில் அது வேதம்தானா என்று உறுதியாகத் தெரிய வேண்டும். போனில் காட்டினால் தமிழில் சொல்லிவிடும் என்று மகள் ஒருமுறை சொல்லியிருந்தாள். போனில் எடுக்கிற படம் எந்தெந்த ஆபீசுக்குப் போகும் என்று யார் கண்டது? பட்டாசுப் பேப்பரில் அரபி என்று எவனாவது வாசலில் வந்து நின்றால் யார் பதில் சொல்வது? பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் காட்டினால் சாயங்கால அஸர் தொழுகைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். யோசித்துப் பார்த்ததில், நம்பக்கூடிய ஆளாக அவளே மிஞ்சினாள். ஒரு தாளை வாசிப்பதற்காக ஒரு பாஷையையே படிக்கப் போனவள் சாத்தூரில் இவளாகத்தான் இருக்கும்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் பெண்களுக்கு அர்த்தத்தோடு அரபி சொல்லிக்கொடுக்கும் மத்தியான வகுப்பு ஒன்று நடந்தது. பாடம் எடுக்கும் ஆலிமா சபூரா, சுலைகாவின் மகளைவிடச் சின்னப் பெண். சுலைகா போன முதல் நாளே அவளை ஓதச் சொல்லிக் கேட்டுவிட்டு, தொண்டையின் அடியிலிருந்து வரவேண்டிய எழுத்து உங்களுக்கு மூக்கிலிருந்து வருகிறது என்று பணிவாகச் சொன்னாள். இத்தனை காலம் ஊர்ப் பிள்ளைகளின் காய்ச்சல் மூக்கால் ஓதித்தான் இறங்கியதா என்று சுலைகா மனசுக்குள் கறுவிக்கொண்டாள். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று தொண்டையைச் சுரண்டிச் சுரண்டிப் பழகினாள். பக்கத்து வீட்டில் இருமல் மருந்து கொடுத்தனுப்பினார்கள்.

எழுத்து வந்தாலும் பாஷை வரவில்லை. ஒருவருக்குச் சொல் ஒரு மாதிரி, பலருக்கு ஒரு மாதிரி என்பது சரி, சரியாக இரண்டு பேருக்கென்று தனியாக ஒன்று இருக்கிறதாம். இதை இந்தப் பெண்ணே சொந்தமாகச் சேர்க்கிறாளோ என்று சந்தேகப்பட்டு, பக்கத்தில் இருந்தவளின் புத்தகத்தையும் எட்டிப் பார்த்தாள். அதிலும் அப்படித்தான் இருந்தது. இன்று படித்தது நாளைக்கு மறந்தது. கூடப் படித்த இளசுகள் கடகடவென்று ஒப்பிக்கும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை அந்தத் தாளில் இருந்தது. வேதத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் மேலேயும் கீழேயும் குறி போட்டிருக்கும், அதை வைத்துத்தான் அவள் ஓதப் பழகியவள். இந்தத் தாளில் குறியே இல்லை. எல்லாம் மொட்டை எழுத்து. ஒரு சொல்லை உள்ளங்கையில் பேனாவால் வரைந்துகொண்டுபோய், இது என்ன என்று கேட்டாள். பாஷை தெரிந்தவர்கள் குறி இல்லாமலே வாசிப்பார்கள், படிக்கப் படிக்க உங்கள் கண்ணே குறி போட்டுக்கொள்ளும் என்றாள் சபூரா. அந்தச் சொல்லுக்கு இறைச்சி என்று அர்த்தமாம். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டாள். ஒரு சுவரில் என்றாள் சுலைகா. சாத்தூரில் எந்தச் சுவரில் அரபியில் எழுதியிருக்கிறது என்ற யோசனையில் சபூரா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். சுலைகாவோ வழியெல்லாம் உடம்பு சிலிர்த்துக்கொண்டு வந்தாள். இறைச்சி என்றால் பக்ரீத் குர்பானி. வேத வசனமேதான், சந்தேகமே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் அவள் கண் அய்யம்மாள்மேல் விழுந்தது. லோடு வந்ததும் அய்யம்மாள் கட்டைப் பிரித்துப் புரட்டுகிறாள், சில தாள்களை மட்டும் உருவுகிறாள், மடித்துக் கூடைக்கு அடியில் போடுகிறாள். இவள் பார்த்தால் பார்வையைத் திருப்பிக்கொள்கிறாள். பழைய பேப்பர் கடையில் போட்டுக் காசாக்குகிறாள், வேறென்ன. கேட்கவில்லை. கேட்டால் தன் கதையும் வெளியே வரும்.

ஒரு நாள் மணிமுத்து சுலைகா வாசலில் வந்து நின்றான். பேப்பர் போகிற எடைக்குக் குழாய் வரவில்லை, யாரோ பேப்பரைக் கடத்துகிறார்கள் என்று கம்பெனியில் திட்டுகிறார்களாம். சுலைகாவுக்கு அலமாரி மேல் இருந்த பச்சைத் துணி கண்ணுக்குள் வந்து நின்றது. வாய் முந்திக்கொண்டது.

"எனக்கு என்ன தெரியும் தம்பி. அய்யம்மாளத்தான் கேக்கணும்."

அவ்வளவுதான் சொன்னாள். அவன் எதிர்வீட்டுக்குப் போனான். இவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். அய்யம்மாள் எடுத்தேன் என்றும் சொல்லவில்லை, எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை. நான் விற்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலை குனிந்து நின்றாள். அவளுக்கு லோடு நின்றது, சுலைகா வாசலில் மட்டும் இறங்கியது. திருட்டுக் கை என்று மற்ற ஏஜெண்டுகளுக்கும் தகவல் போய்விட்டது. அடுத்த வாரமே அய்யம்மாள் தூக்குச்சட்டியோடு காலையில் தெருமுனையில் நின்றாள். ஏழாயிரம்பண்ணை வேன் வந்தது, ஏறிக்கொண்டாள்.

அதைப் பார்த்த நாளிலிருந்து சுலைகா வேன் வரும் நேரத்தில் ஜன்னல் பக்கம் போவதில்லை. எடுத்தவள்தானே, அனுபவிக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். இப்போது எடை குறைந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பழைய பேப்பர் கடையில் வாங்கிவந்து ஈடு கட்டினாள். போன இடத்தில், அய்யம்மாள் இங்கேதான் பேப்பர் போடுவாளோ என்று மெல்லத் தூண்டில் போட்டாள். அவள் இந்தப் பக்கமே வந்ததில்லை என்றார் கடைக்காரர். அவரும் கூட்டாக இருப்பாரோ என்று நினைத்தாள். நினைப்பு முன்னைப்போல ஒட்டவில்லை.

வகுப்பை மட்டும் விடவில்லை. மழை வந்து நின்றது, வெயில் ஏறியது, ரமலானும் வந்து போனது. ஒரு மத்தியானம் சமையல் மேடையில் ஒரு தாளை விரித்துக் குனிந்திருந்தாள். மொட்டை எழுத்து ஒவ்வொன்றுக்கும் கண் தானாகக் குறி போட, ஒரு வரி முழுதாகக் கூடி வந்தது. உறைந்த கோழி. இந்த வாரம் மட்டும். இரண்டு வாங்கினால் ஒன்று சும்மா. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, மறுபடியும் கூட்டினாள். மறுபடியும் கோழிதான். பச்சைத் துணியில் இருந்த மற்றதையெல்லாம் இறக்கினாள். பழைய கார் விற்பனை, ஏ.சி. ரிப்பேர், டிரைவர் தேவை. முத்தம் கொடுத்தது நினைவுக்கு வந்து வாயைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் தெருமுனை வேன் ஞாபகம் வந்தது.

அன்று பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்கு நின்றாள். வழக்கமாக வாய் பாட்டுக்கு ஓதிக்கொண்டு போகும், மனசு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும். அன்று வாய் ஓடவில்லை. ஒவ்வொரு சொல்லும் என்ன கேட்கிறது என்று விளங்கியது. இத்தனை வருஷமாகத் தினமும் நேர்வழியில் நடத்தச் சொல்லித்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இதற்காகத்தானே ஏங்கினோம் என்று முதலில் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடி பயம் வந்தது. அர்த்தம் தெரியாதவரை கேட்டுவிட்டுப் போய்விடலாம். தெரிந்துவிட்டால் நடக்க வேண்டும். அவளுக்கான நேர்வழி தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போய் நின்றது. அவளுக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

பச்சைத் துணி மூட்டையோடு போனாள். அய்யம்மாள் அப்போதுதான் வேனிலிருந்து இறங்கி வந்திருந்தாள். கையிலும் புருவத்திலும் பட்டாசு மருந்தின் வெள்ளிநிறப் பவுடர் அப்பியிருந்தது. சுலைகா மூட்டையை அவிழ்த்து, எடுத்தது நான்தான், உன்னைக் காட்டிக்கொடுத்ததும் நான்தான் என்று சொல்லி முடித்தாள். அய்யம்மாள் உள்ளே போனாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்று சுலைகா நினைத்தாள். திரும்பி வந்தவள் கையில் மஞ்சள் துணியில் கட்டிய ஒரு கட்டு இருந்தது. அதன்மேல் சந்தனப் பொட்டு வைத்திருந்தது. அவிழ்த்தால் உள்ளே அதே அரபித் தாள்கள், மடிப்புக் கலையாமல்.

"நீங்க கண்ணுல ஒத்திக்கிட்டத அன்னிக்கே பாத்தேன்க்கா. உங்க சாமி எழுத்துன்னு தெரிஞ்சுக்கிட்டேன். உங்க கைக்குத் தப்புனத நான் எடுத்து வச்சேன்."

"மணிமுத்து கேட்டப்ப ஏத்தா இதச் சொல்லல?"

"சொன்னா அவன் உங்க வீட்டயும்லா தேடுவான்."

சுலைகா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சந்தேகப்படுவதற்கு இத்தனை பேரைத் தேடிப் பிடித்தவளுக்கு, தன்னைச் சந்தேகப்பட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லையே என்று அழுதாள். அய்யம்மாள் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது அரபி வகுப்புக்குப் போகிறீர்களாமே, என்னதான் எழுதியிருக்கிறது, வாசியுங்கள் என்றாள். பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி ஆசையாக இருந்தது. இவளிடம் இனி ஒரு பொய்யும் ஆகாது என்று மேலே இருந்த தாளை எடுத்து வாசித்தாள். உறைந்த கோழி, இரண்டு வாங்கினால் ஒன்று சும்மா.

அய்யம்மாள் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கோழிக்காகவாக்கா நான் வேன் ஏறுனேன்?"

அதில் கோபம் இருந்தது, சிரிப்பும் இருந்தது. கோபத்துக்குத்தான் சுலைகா பதில் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு கட்டையும் தூக்கிக்கொண்டு அப்போதே மணிமுத்து வீட்டுக்குப் போனாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பேப்பரை எடுத்தவள் நான், பழி அவள்மேல் விழ விட்டவளும் நான் என்று அவன் பெண்டாட்டி முன்னாலேயே சொன்னாள். அவன் கை கழுவாமலே கத்தினான். மறு லோடு அய்யம்மாள் வாசலில் இறங்கியது. சுலைகா வாசலில் இறங்கவில்லை, இனி இறங்கவும் செய்யாது என்று சொல்லிவிட்டான்.

அய்யம்மாள் பத்து நாள் அவளிடம் பேசவில்லை. பிறகு ஒரு காலையில் தகரக் கொட்டகையிலிருந்து, பசை ஆறிப்போகுது, வாரீகளா இல்லியா என்று குரல் வந்தது. சுலைகா போய்த் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அரபித் தாள் வரும்போதெல்லாம் அய்யம்மாள் அதை நீட்டுவாள், இவள் வாசித்துச் சொல்வாள். சோபா, சோப்பு, வீடு வாடகைக்கு. வாசித்தது சுருட்டப்படும்.

ஒரு நாள் நீட்டிய தாளில் யாரோ ஒருவருடைய இறப்புச் செய்தி இருந்தது. அதற்கு மேலே ஒரு வரி. சுலைகாவுக்குக் குறி தேவைப்படவில்லை. சின்ன வயதிலிருந்து ஓதியது, இப்போது அர்த்தத்தோடு கண்ணுக்கு முன்னால் இருந்தது. நாமெல்லாம் அவனிடம் திரும்பிப் போகிறவர்கள். தாளை மடித்துத் தனியாக வைத்தாள்.

"இது அவன் வார்த்தைதான்த்தா."

அய்யம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கக்கா. கோழி இல்லியே?"

இல்லை என்றாள் சுலைகா. அய்யம்மாள் பசைக் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, எடுத்து வைப்பதற்காக இரண்டு கையையும் நீட்டினாள்.