குலுக்காமல் நின்றது

பத்தாவதோடு நின்றவன் நான். நாலு பேர் எதிரில் நின்றால் எனக்குப் பேச்சு வராது. அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

இண்டூர்ப் பக்கம் அக்காவின் குச்சிக்கிழங்குக் காட்டில், அதாவது மரவள்ளித் தோட்டத்தில், மாவுப்பூச்சி விழுந்திருந்தது. வீடும் காட்டுக்குள்ளேயே இருக்கிறது. கடை மருந்து அடித்தால் அக்காவுக்கு மூச்சு இழுப்பு வந்துவிடும். முந்தின முறை அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

என் காட்டுக்கு நான் வேப்பெண்ணெய்தான் அடிப்பேன். எண்ணெய் தண்ணீரோடு சேர மற்றவர்கள் சோப்புக் கரைசல் ஊற்றுவார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. காட்டின் கடைசிக்குப் போவதற்குள் எண்ணெய் மேலே மிதந்துவிடும். ஒருமுறை ஏரிக் களிமண்ணைக் கரைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, அதில் எண்ணெயை விட்டு மத்தால் கடைந்து பார்த்தேன். மங்கின வெள்ளையில் மோர் போல வந்தது. அப்புறம் எண்ணெய் பிரியவே இல்லை. ஒரே ஒரு குறை. அசையாமல் வைத்தால் தயிர் போல இறுகிவிடும். குலுக்கினால் மறுபடி தண்ணீராக ஓடும். அதனால் முதுகில் உள்ள டேங்கை ஆட்டிக்கொண்டேதான் அடிப்பேன்.

இந்தத் தடவை தம்பியின் வேப்பெண்ணெயையே அடிக்கலாம் என்று அக்கா மாமாவிடம் கெஞ்சினாள். அவர் என்னைப் பார்த்து, "மாப்ள, விவசாயக் கூட்டம் நம்ம காட்லதான் போடறாங்க. ஆபீசரும் வர்றாரு. அடிச்சுக் காட்டு. அவரு சரின்னுட்டா கடை மருந்தத் தொடவே மாட்டேன்" என்றார்.

நாலு பேர் பார்க்கப்போகிறார்களே என்று கூட்டத்தன்று மண்ணைக் கூடுதலாகப் போட்டுக் கெட்டியாகக் கடைந்தேன். டேங்கை மாட்டிக்கொண்டு முன்னால் நின்றேன். அதிகாரி பேச ஆரம்பித்தார். நான் உடம்பை ஆட்டினேன். டேங்க் களக், களக் என்றது. அவர் பேச்சை நிறுத்தித் திரும்பினார்.

"ஏம்ப்பா, காவடி எடுக்கறியா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அப்படியே நின்றுவிட்டேன்.

இறுகுகிறது என்று எனக்குத் தெரியும். "சார், இதைக் குலுக்கணுங்க" என்றால் முடிந்தது. பேச்சு முடியட்டும், முடியட்டும் என்று நின்றேன். கூட்டத்தின் ஓரத்திலிருந்து அக்கா, ஆட்டு என்று கையைக் காட்டினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"இப்ப அடிங்க பாக்கலாம்" என்றார் அதிகாரி.

கைப்பிடியை அழுத்தினேன். இரண்டு சொட்டு விழுந்து நின்றுபோனது. மாமா என் பின்னால் வந்து மூடியைத் திறந்தார். விரலை விட்டு எடுத்தார்.

"ஒறஞ்சு கெடக்குது மாப்ள."

"உப்பு போட்டுக் கரைச்சுக் குடுங்க, ஆளுக்கு ஒரு சொம்பு குடிச்சுட்டுப் போறோம்" என்றது அதே குரல்.

பதற்றத்தில், மூடி திறந்திருப்பதை மறந்து உடம்பை உலுக்கினேன். அவ்வளவு நேரம் அசையாமல் இருந்தது சட்டென்று இளகி, கழுத்திலும் முதுகிலும் கொட்டியது.

"பாருங்க, இப்ப நல்லாத்தான் ஓடுது!" என்றது மறுபடியும் அந்தக் குரல்.

அதிகாரி சிரிக்கவில்லை. "பரவால்லைங்க, இன்னொரு நாள் பாக்கலாம்" என்றார். அதுதான் அதிகமாக உறுத்தியது. கூட்டம் கலைந்தது.

அக்கா முந்தானையால் என் கழுத்தைத் துடைத்தாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா தம்பி" என்றாள்.

மாமா வண்டியை எடுத்தார். "கடைக்குப் போயிட்டு வந்துடறேன். நாளைக்கே அடிச்சுடலாம்."

மண்ணைக் குறைத்துக் கடைந்தால் போதும், நாளைக்கு நானே அடிக்கிறேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வண்டி ரோட்டில் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் மாமா கடை மருந்து அடித்தார். அதற்கு முன்பே அக்காவை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து, மருந்து வாடை வராதபடி ஜன்னலைச் சாத்தி வைத்தேன்.