மணிக்கு எழுபத்தைந்து காலர்

நான் வேகமாகத் தைப்பேன். அதைச் சொல்லிக்கொள்ள இன்றுவரை எனக்கு வெட்கமில்லை. மாலூர் பக்கத்து கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சேர்ந்த ஆறாவது மாதமே சட்டைக்குக் காலர் ஏற்றும் மெஷினில் உட்கார வைத்துவிட்டார்கள். கை திருந்தாதவர்களிடம் காலரைக் கொடுக்கவே மாட்டார்கள்.

நான் காலை ரயிலை ஊரிகம் ஸ்டேஷனில் பிடிப்பேன். ரயில் புறப்படும் மாரிகுப்பத்திலேயே ஏறிவிடும் ஒரு அக்கா எனக்கு இடம் போட்டு வைத்திருப்பார். வயது ஐம்பதை நெருங்கியவர், கண்ணாடி போட்டவர், சர்ச்சில் பாடுகிறவர். லைனில் என் பக்கத்து மெஷின் அவருடையது. அவரும் காலர்தான்.

ஒருநாள் காலை பத்து மணி சுமாருக்கு, கையில் ஸ்டாப் வாட்சோடு ஒருவர் என் பின்னால் வந்து நின்றார். எந்த வேலைக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்து, அதை வைத்து டார்கெட் போடுவது அவர் வேலை. "மேடம், உங்க கை வேகம்னு சொன்னாங்க. பத்து பீஸ் தைங்க, பாக்கலாம்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூச்சுவிடாமல் பத்து பீஸ் ஓட்டிக் காட்டினேன். அந்த வாரமே என் போட்டோ நோட்டீஸ் போர்டில் ஏறியது. எல்லோரையும் கைதட்டச் சொல்லி ஒரு டிபன் பாக்ஸும் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், லைனுக்கு முன்னால் இருக்கும் பலகையில் மணிக்கு அறுபது காலர் என்றிருந்ததை அழித்துவிட்டு எழுபத்தைந்து என்று எழுதியிருந்தார்கள்.

அன்றிலிருந்து அக்காவின் முதுகுக்குப் பின்னாலேயே சூப்பர்வைசர் நின்றார். "பக்கத்துல இருக்கறவங்களால முடியுது. உங்களால ஏன் முடியல?" பாத்ரூம் போகிற நேரத்தை மிச்சம் பிடிக்க அக்கா தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். சாப்பாட்டை பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு ஓடிவந்தார். ரயிலில் வழக்கம்போல எனக்கு இடம் போட்டார். மூன்றாம் நாள் மனதில் இருந்ததைச் சொன்னார்.

"உம்மேல கோவம் இல்லமா. நீ பத்து பீஸ் ஓட்டுன வேகத்துல நான் நாள் பூரா ஓட்டணுமாம். அது இன்னா நியாயம்?"

கல்லூரியில் நான் எடுத்த பாடம் பொருளாதாரம். உழைப்புச் சுரண்டல் என்றால் என்ன என்ற கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவள். ஒரு நாள் வேலையில் ஒரு பங்கு தொழிலாளியின் கூலிக்கு ஈடு, மிச்சம் முதலாளிக்கு. அந்த மிச்சத்தைப் பெருக்க வேலை நேரத்தை நீட்டலாம், அல்லது கையை விரட்டலாம். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். ஆனால் விரட்டுவதற்கு என் கையையே சாட்டையாக எடுத்துக்கொள்வார்கள் என்று எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை. அந்த ரயிலில்தான் அது உறைத்தது. உண்மையைச் சொன்னால் மதியம் மூன்று மணிக்கு மேல் எனக்கே அறுபதைத் தாண்டவில்லை.

ஒரு வாரம் நோட்டு வைத்துக் குறித்தேன். ஒவ்வொரு மணியிலும் எத்தனை காலர், எத்தனை தடவை நூல் அறுந்தது, அடிநூல் பாபின் மாற்ற எவ்வளவு நேரம், வெட்டிய துணி வராமல் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்தேன், எல்லாம். அதை ரயிலில் எங்கள் லைன் பெண்களிடம் காட்டினேன். "கேட்டா கேட்டுக்கு வெளிய போன்னுடுவாங்க" என்றாள் ஒருத்தி. அந்த பயம் எல்லோருக்கும் இருந்தது. கடைசியில் ஒன்று முடிவு செய்தோம்: அடுத்த முறை அளக்க வந்தால் யாரும் வாட்சுக்காக ஓடுவதில்லை. நாள் முழுக்கத் தாங்கும் வேகம் எதுவோ, அதில்தான் தைப்பது.

கட்டம் போட்ட சட்டைக்குப் புது ஆர்டர் வந்தது; புது ஆர்டர் என்றால் திரும்ப அளப்பார்கள். ஸ்டாப் வாட்ச்காரர் நேராக என்னிடம்தான் வந்தார். நான் நிதானமாகத் தைத்தேன்.

"என்ன மேடம், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் சார். சாயந்திரம் வரைக்கும் தைக்கிற வேகம் இதுதான்."

அக்காவிடம் போனார், அதற்கடுத்த மெஷினுக்குப் போனார். எல்லா இடத்திலும் அதே வேகம். சூப்பர்வைசர் வந்தார், பின்னாலேயே மேனேஜரும் வந்தார்.

"எல்லாரும் பேசி வெச்சுகினு செய்றீங்களா?" என்று மேனேஜர் கேட்டார்.

லைனில் மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. எழுந்தேன்.

"ஆமா சார், பேசினோம். காலைல பத்து பீஸ் பாத்துட்டுப் போயிடறீங்க. இவர இன்னிக்குப் பூரா இங்கயே நின்னு பாக்கச் சொல்லுங்க" என்று நோட்டை நீட்டினேன்.

"நல்லா தைக்கிறவங்கள பாராட்டினது தப்பா?"

"பாராட்டுங்க சார். எங் கை வேகத்த எடுத்து அக்கா தலைமேல வெக்காதீங்க."

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் லைனே எழுந்தது. யாரும் கத்தவில்லை. மேனேஜர் எங்களைப் பார்த்தார், லாரிக்குப் போகவேண்டிய பெட்டிகளைப் பார்த்தார், பிறகு வாட்ச்காரரிடம் திரும்பி, "நாள் பூரா எடு" என்றார்.

பாவம், இரண்டு மணிக்கெல்லாம் அவர் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டார். ஆனால் நேர்மையானவர். நூல் அறுந்ததையும் துணி வராமல் காத்துக் கிடந்ததையும் ஒன்று விடாமல் எழுதினார்.

இரண்டு நாள் கழித்துப் பலகையில் ஐம்பத்தாறு என்று எழுதினார்கள். பாபின் சுற்றித்தர ஒரு ஆள் போட்டார்கள். காலடியில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். முதல் நாளே அக்கா மணிக்கு ஐம்பத்தெட்டு தைத்தார். தைத்துவிட்டு சூப்பர்வைசர் எதிரிலேயே பாட்டிலைத் தூக்கி, அண்ணாந்து, அவசரமே இல்லாமல் குடித்தார். சாயந்திரம் ரயிலில் எங்கள் பெட்டி போட்ட சத்தத்தில் டிக்கெட் பரிசோதகர் வந்து, "இன்னாமா, கல்யாண வீடா?" என்று கேட்டார். "அதுக்கும் மேல சார்" என்றாள் ஒருத்தி.

மற்ற லைன்களும் நாள் முழுக்க அளக்கச் சொல்லிக் கேட்டன; கம்பெனியால் மறுக்க முடியவில்லை. தொழிலாளர் கமிட்டிக்கு ஆள் வேண்டுமென்றபோது எங்கள் லைனில் என்னையும் அக்காவையும் சொன்னார்கள். முதல் கூட்டம் மேனேஜர் அறையில் நடந்தது. அதுவரை நாங்கள் அங்கே நின்றுதான் பேசியிருக்கிறோம். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார்.

"மொதல்ல பாத்ரூம் விஷயம் பேசிடலாம் சார்."