போரோவில் தண்ணீர் எங்கே வருகிறது?

என் அக்கா நமெட்சோவுக்கு எங்கள் ஊரான மவுனில் உள்ள நீர் அலுவலகத்தில் வேலை. படகில் போய், ஆற்றுக்குள் நட்டிருக்கும் அளவுகோல்களைப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று குறித்து வருவாள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள்கூடப் படகுத்துறையில்தான் போய்த் தேடினார்கள். ஒருமுறை நீர்யானை படகை முட்டித் தூக்கியபோது துடுப்பை விடாமல் உட்கார்ந்திருந்தவள், தண்ணீர் வந்த அந்த வருடம், ஊருக்கு மேலே நாணல் காட்டில் ஓடும் போரோ ஆற்றுத் துறையின் பாசியில் சாதாரணமாக வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அங்கோலா மலைகளில் பெய்யும் மழை நாணல் காடுகளுக்குள் மாதக்கணக்கில் ஊர்ந்து, எங்களுக்குக் குளிர்காலம் தொடங்கிய பிறகுதான் ஊருக்கு வரும். மூன்று வருடமாக அது வரவில்லை. வழியிலேயே மணல் குடித்துவிட்டது. மவுனுக்குள் ஓடும் தமலகானே ஆறு நடைபாதையாகிவிட்டது. செபாத்தி அம்மா என்ற விதவை ஆற்றின் நடுவிலேயே சோளம் போட்டு, ஆட்டுப்பட்டியும் கட்டியிருந்தார்.

ஒரு நாள் காலையில் அவர் அக்காவுக்குப் போன் செய்தார்.

"மேல தண்ணி வருதுங்கறாங்களே நமெட்சோ, நெசமா? சோளத்துல இப்பதான் பால் பிடிக்குது. ஒரு வாரம் விட்டா முத்திரும். நீ விடுன்னா விடறேன், அறுன்னா அறுக்கறேன்."

அக்கா பார்த்துச் சொல்வதாகச் சொன்னாள். பார்க்க வேண்டியது அலுவலகக் கணினியில் இருந்தது. மேலே உள்ள அளவுகோல்கள் இப்போது தாமாகவே அங்கே கணக்கு அனுப்புகின்றன. அவளோடு வேலை செய்பவர் அங்கோலா எல்லைக்குப் போயிருந்ததால் அங்கே பார்த்துச் சொல்ல ஆளில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்யட்டும் என்று அலுவலகம் அவளுக்கு வி.பி.என். போட்டுக் கொடுத்திருந்தது. வீட்டுக் கணினியிலிருந்து அலுவலகக் கணினிக்கு யார் கண்ணிலும் படாமல் போகும் வழி அது என்று எனக்கு விளக்கினாள். அன்றுதான் முதல்முறையாக அதைத் திறந்தாள்.

'இணைந்தது' என்று பச்சையாக வந்தது. ஆனால் அலுவலகக் கோப்பு எதுவும் திறக்கவில்லை. அணைத்துப் போட்டாள். கடவுச்சொல்லை மூன்று தடவை அடித்தாள். ரூட்டர் பெட்டியின் கம்பியை நான் பிடுங்கிச் செருகினேன். பச்சை மட்டும் அப்படியே எரிந்தது. வீட்டு வாசல் வரை வந்துவிட்டு உள்ளே வராத மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

கடைசியில் தலைநகர் கபரோனேயில் இருக்கும் கணினிப் பிரிவுக்குப் போன் போட்டாள். பாக்காங் என்பவன் எடுத்தான். நாங்கள் செய்ததையெல்லாம் மறுபடி ஒருமுறை செய்யச் சொன்னான். பிறகு வைஃபையை விட்டுவிட்டு, கைப்பேசி இணையத்தில் போய்ப் பார்க்கச் சொன்னான். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. சந்தோஷப்படுவதற்குள் எங்கள் தெருவின் சிக்னல் செத்துப்போனது.

"அப்ப வழி நல்லாத்தான் இருக்கு. உங்க வீட்லதான் என்னமோ இருக்கு," என்றான் பாக்காங்.

"வீட்ல என் தங்கச்சிதாம்பா இருக்கா," என்றாள் அக்கா.

அவன் சிரித்துக்கொண்டே ஓர் எண்ணைச் சொன்னான். அது அலுவலகக் கணினியின் முகவரி. பழையபடி வைஃபைக்கு மாறி, அதை அப்படியே அடிக்கச் சொன்னான். அடித்தாள். ஒரு பக்கம் திறந்தது. அதில் 'கறுப்பு மை குறைவாக உள்ளது' என்று இருந்தது.

நாங்கள் இருவரும் திரும்பி, அலமாரி மேல் இருந்த என் பிரிண்டரைப் பார்த்தோம்.

அக்கா அந்த வரியைப் படித்துக் காட்டினாள். பாக்காங் நிதானமாகச் சொன்னான்: "அம்மா, உங்க வீட்லயும் ஆபீஸ்லயும் ஒரே மாதிரி எண் போட்டிருக்கு. ரெண்டும் ஒரே தெரு, ஒரே கதவு எண்ணுன்னு வச்சுக்கங்க. ஆபீஸ் எங்கன்னு கேட்டா உங்க கம்ப்யூட்டர் வெளியவே போகல. வீட்டுக்குள்ளயே தேடிப்போய் பிரிண்டர் கதவைத் தட்டியிருக்கு."

யார் மேலும் தப்பில்லையாம். கடையில் வாங்கும் பெட்டிகளில் பாதிக்கு மேல் அந்த எண்ணோடுதான் வருமாம். ரூட்டரில் மூன்றாவது எண்ணை மட்டும் மாற்றினால் போதும் என்றான். அதற்கான கடவுச்சொல் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்தது. நான் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். அக்கா மூன்றாவதாக இருந்த ஒன்று என்ற எண்ணை அழித்து எழுபத்தேழு என்று போட்டாள். ரூட்டரின் எல்லா விளக்குகளும் அணைந்து, மறுபடி ஒவ்வொன்றாக எரிந்தன.

இந்த முறை கோப்பு திறந்தது. மேசையில் நான் சுட்டு வைத்த மக்வின்யா போண்டா ஆறிக்கொண்டிருக்க, அக்கா திரையின் பக்கம் குனிந்தாள். தண்ணீர் மட்டத்தைக் காட்டும் ஒரு கோடு வந்தது. பல வாரம் தரையோடு படுத்திருந்த கோடு, கடைசியில் சுவர் ஏறுவதுபோல் மேலே ஏறியிருந்தது. அக்கா அடுத்த அளவுகோலைத் திறந்தாள். அதிலும் ஏறியிருந்தது. அதற்குக் கீழே உள்ளதில் அன்று விடியற்காலையில்தான் ஏறத் தொடங்கியிருந்தது.

"என்னம்மா, சரியாயிருச்சா?" என்றான் பாக்காங்.

அவள் கண் திரையிலேயே இருந்தது. கையால் வாயை மூடியிருந்தாள். அந்தக் கோடு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு புள்ளி உயர்ந்தது. யாருமே இல்லாத நாணல் காட்டில், யானைகள் மட்டும் பார்க்கும் இடத்தில், தண்ணீர் அந்த நொடியில் ஏறுகிறது. அது என் சாப்பாட்டு மேசையில் தெரிகிறது.

"வருதுப்பா," என்றாள் அக்கா கடைசியில். "எங்கம்மா இருந்தப்ப வந்த மாதிரி வருது."

பாக்காங்குக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டு, செபாத்தி அம்மாவைக் கூப்பிட்டாள். பால் பிடிக்கும் நிலையில் இருந்தாலும் பரவாயில்லை, இன்றே ஒடித்துவிடுங்கள், ஆடுகளை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள் என்றாள். அந்த அம்மா ஒருமுறைதான் கேட்டார்: "நீ கண்ணால பாத்தியா?" அக்கா கொஞ்சம் யோசித்து, "பாத்தேன்" என்றாள். ஊர்த் தலைவருக்கும் சொன்னாள். இளஞ்சோளம் அன்றும் மறுநாளும் எங்கள் தெரு முழுக்க வெந்துகொண்டிருந்தது.

தண்ணீர் அந்த வாரமே வந்தது. தமலகானே மேல் உள்ள மட்லாபனெங் பாலத்தடியில் ஊரே கூடியிருந்தது. அக்காவை நான் காரில் கூட்டிப்போனேன். ஊன்றுகோலோடு கரையில் இறங்கி நின்றாள்.

அது பாய்ந்து வரவில்லை. ஒரு பாய் விரிகிற வேகத்தில், சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. வெடித்த மண்ணுக்குள் அது இறங்கும்போது உள்ளே அடைபட்டிருந்த காற்று சின்னச் சின்னக் குமிழியாக வெளியே வந்து சடசடத்தது. எறும்புகளும் வெட்டுக்கிளிகளும் அதற்கு முன்னால் ஓடின. அவற்றைக் கொத்த வெள்ளைக் கொக்குகள் கூடவே நடந்தன. செபாத்தி அம்மாவின் ஆட்டுப்பட்டி இருந்த இடத்தைத் தண்ணீர் தொட்டு, சுற்றி, மூடியது. குழந்தைகள் தண்ணீரின் முனையோடு அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். செபாத்தி அம்மா குனிந்து ஒரு கை அள்ளி முகத்தில் தடவிக்கொண்டார்.

உட்கார் என்று அக்காவிடம் சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. தண்ணீர் அவள் மாவுக்கட்டின் ஓரத்தை நனைத்த பிறகும் அங்கேயே நின்றிருந்தாள்.